இரவில் மட்டும் அறுந்துபோகும் பிராட்பேண்ட்: மோடம் காட்டும் எண்களை எப்படிப் படிப்பது?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். பழைய செம்புக் கம்பி டெலிபோன் லைனில் ஏடிஎஸ்எல்2+ இணைப்பு வைத்திருக்கிறீர்கள். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. மாலை ஏழு மணிக்கு மேல் நாலைந்து தடவை அறுந்து அறுந்து வருகிறது. புகார் கொடுத்தபோது மோடம்தான் கோளாறு என்றார்கள். புதுசு வாங்கிப் போட்டும் அதே கதை. இரவு ஒன்பது மணிக்கு எடுத்த மோடம் பக்கத்தைப் போட்டு, "அட்டென்யுவேஷன் 37.5 என்று காட்டுகிறதே, இது மோசமா? இன்னொரு மோடம் வாங்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, கோளாறு வீட்டுக்குள்ளா வெளி லைனிலா, அதை லைன்மேனிடம் எப்படிக் காட்டுவது என்பதுதான். எக்ஸ்சேஞ்சிலும் வெளி லைன் பராமரிப்பிலும் பல வருடம் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மோடத்துக்கு இனி ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காதீர்கள். நீங்கள் பதிவிட்ட எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது.

அட்டென்யுவேஷனில் தொடங்குவோம். அது கோளாறைக் காட்டும் எண் அல்ல. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரை வருவதற்குள் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பதன் கணக்கு. அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 13, 14 டெசிபெல் போகும் என்பது தோராயக் கணக்கு. அதன்படி 37.5 என்றால் இரண்டே முக்கால் கிலோமீட்டர் கேபிள். சாலைத் தூரம் அல்ல, கேபிள் சுற்றி வரும் தூரம். அந்தத் தூரத்துக்கு ஏடிஎஸ்எல்2+ ஒன்பது, பத்து மெகாபிட் தருவது இயல்பு. உங்களுடையது 9,820 கிலோபிட்டில் சின்க் ஆகியிருக்கிறது, அதாவது மோடமும் எக்ஸ்சேஞ்சும் அந்த வேகத்தில் கைகோத்திருக்கின்றன. ஆக, லைனின் நீளத்துக்கு ஏற்ற வேகம் கிடைக்கிறது. இதில் ஸ்பீட் டெஸ்ட் எட்டே கால், எட்டரைதான் காட்டும். தரவைச் சிறு பொட்டலங்களாக அனுப்பும் ஏடிஎம் என்ற முறையில் 53 பைட்டுக்கு 48 பைட்தான் நம் தரவு, அதன் மேல் மற்ற தலைப்புச் சுமைகளும் உண்டு. அந்த வித்தியாசத்தைக் கோளாறு என்று நினைத்துப் புகார் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

அட்டென்யுவேஷனில் நான் எப்போதும் பார்ப்பது கீழ்த்திசை (எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு), மேல்திசை (வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு) இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று. உங்களுக்குக் கீழே வருவது 37.5, மேலே போவது 21. பாதிக்குச் சற்று மேல். நல்ல லைனில் இப்படித்தான் இருக்கும். கம்பி ஒரு இடத்தில் அறுந்து, இடைவெளியைத் தாண்டி சிக்னல் மட்டும் கசிந்து போகும் நிலை ஒன்று உண்டு. அப்போது போன் செத்திருக்கும், இன்டர்நெட் மட்டும் மெதுவாக ஓடும். "போனே இல்லை, நெட் எப்படி வருகிறது?" என்று ஆச்சரியப்படுவார்கள். அந்த இடைவெளி தாழ்ந்த அலைவரிசைகளைத்தான் அதிகம் தடுக்கும். மேல்திசை 25 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த பகுதியில் ஓடுவதால் அதன் அட்டென்யுவேஷன் எக்கச்சக்கமாக ஏறிவிடும். உங்கள் லைனில் அந்த அடையாளம் இல்லை. கம்பி முழுசாக அறுந்திருக்கவில்லை என்று நம்பலாம்.

அடுத்தது எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிச்சம் இருக்கும் இடம். உங்கள் பதிவில் முக்கியமான எண் இதுதான்: கீழ்த்திசை 2.8, மேல்திசை 11.5. (சில மோடங்களில் 28 என்று புள்ளி இல்லாமல் வரும். அதைப் பத்தால் வகுத்துப் படிக்க வேண்டும். 28 டெசிபெல் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.) மோடம் லைனைப் பிடிக்கும்போது, அப்போது இருக்கும் இரைச்சலை அளந்து, ஒரு கோடி பிட்டுக்கு ஒன்றுக்கு மேல் பிழை வராதபடி எவ்வளவு வேகம் தாங்கும் என்று கணக்குப் போடுகிறது. அதற்கும் மேலே பாதுகாப்புக்கு வழக்கமாக 6 டெசிபெல் இடம் விட்டுத்தான் சின்க் ஆகிறது. அந்த மிச்ச இடம்தான் மார்ஜின். சின்க் ஆன பிறகு வேகம் அப்படியே நிற்கும்; இரைச்சல் ஏறினால் மார்ஜின்தான் கரையும். பூஜ்யத்தை நெருங்கும்போது பிழைகள் குவிந்து லைன் விழும். மோடம் மறுபடி பிடிக்கும், அப்போதுள்ள இரைச்சலுக்கு ஏற்றபடி.

இப்போது நீங்கள் கவனிக்காமல் விட்ட ஓர் எண்ணைப் பாருங்கள். லைன் அப்டைம், அதாவது லைன் அறுபடாமல் நின்ற நேரம், 1 மணி 52 நிமிடம். ஒன்பது மணிக்கு எடுத்த பக்கம் என்றால் கடைசியாகச் சின்க் ஆனது 7 மணி 8 நிமிடத்துக்கு. அப்போது மார்ஜின் ஆறை ஒட்டி இருந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று டெசிபெல்லுக்கு மேல் போயிருக்கிறது. அதாவது ஏழு மணிக்குப் பிறகும் இரைச்சல் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. அதே நேரம் மேல்திசை 11.5-இல் சுகமாக இருக்கிறது. ஆகவே இரைச்சல் வருவது 138 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, கீழ்த்திசை ஓடும் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியில். இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இது வைஃபை பிரச்சினை இல்லை என்பதும் உறுதி. வைஃபை எவ்வளவு மோசமானாலும் லைன் அப்டைம் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்காது. ஒன்றை மட்டும் சரிபாருங்கள். மோடம் பக்கத்தில் சிஸ்டம் அப்டைம் (மோடம் அணையாமல் ஓடிய நேரம்) என்று தனியாக ஒன்று இருக்கும். அதுவும் லைன் அப்டைமும் ஒரே நேரத்தில் தொடங்கினால் மோடமே அணைந்து எழுந்திருக்கிறது. அப்போது அடாப்டரையும் பிளக்கையும் பார்க்க வேண்டும். லைன் அப்டைம் மட்டும் புதிதாகத் தொடங்கியிருந்தால் லைன்தான் விழுந்திருக்கிறது.

இனிச் சொல்வது ஊகம், ஆனால் காரணத்தோடு சொல்லும் ஊகம். இருட்டியதும் ஏறும் இரைச்சலுக்கு என் அனுபவத்தில் இரண்டு மூலங்கள்தான் அதிகம். ஒன்று மத்திய அலை வானொலி. ஏடிஎஸ்எல்2+ ஓடும் அலைவரிசைக்குள்தான் மத்திய அலை முழுவதும் அடங்குகிறது. பகலில் வானத்தின் கீழ் அயனி அடுக்கு அந்த அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்து, மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் நிலையங்கள் கேட்கும். பழைய ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தெருவில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் உங்கள் லைன் அதற்கெல்லாம் நீளமான ஏரியல். மற்றொரு மூலம், மாலையில் போடும் மின் சாதனங்கள்: மலிவான எல்இடி பல்புகளின் டிரைவர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், சார்ஜர், இன்வெர்ட்டர், தெரு விளக்கு. இவற்றில் உள்ள ஸ்விட்சிங் சர்க்யூட்டில் ஃபில்டர் சரியில்லை என்றால் அகலமான அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஏடிஎஸ்எல்2+ தன் அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 512 டோன்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு டோனும் தன் சுத்தத்துக்கு ஏற்ப அதிகபட்சம் 15 பிட் வரை சுமக்கும். பல மோடங்கள் இதை ஒரு வரைபடமாகவோ அட்டவணையாகவோ காட்டும். வானொலி என்றால் குறிப்பிட்ட சில டோன்களில் மட்டும் குறுகலான பள்ளம் விழும். உதாரணமாகச் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் 167-ஆவது டோனில் விழும்; திருச்சியின் 936 என்றால் 217-ஆவது டோன். பள்ளத்தின் டோன் எண்ணை 4.3125-ஆல் பெருக்கிப் பார்த்து, அந்த இடத்தில் ரேடியோவில் நிலையம் கேட்கிறதா என்று சோதித்தால் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். மின் சாதனம் என்றால் இப்படிக் குறுகலாக இருக்காது. ஒரு பெரிய பகுதியே தாழ்ந்திருக்கும். மார்ஜின் குறையும் விதமும் வேறு. வானொலியால் அரை மணி, ஒரு மணி என்று மெல்ல மெல்ல இறங்கும். சாதனத்தைப் போட்ட நொடியில் படிக்கட்டு மாதிரி ஒரே இறக்கம். உங்கள் ஒரே ஒரு பக்கத்தை வைத்து எது என்று தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது. மூன்று டெசிபெல் மொத்தமாகப் போயிருப்பதைப் பார்த்தால் அகலமான இரைச்சல் என்றே என் மனது சொல்கிறது, ஏனென்றால் ஒன்றிரண்டு நிலையங்கள் கெடுத்தால் மோடம் அந்த டோன்களின் பிட்டுகளைப் பக்கத்து டோன்களுக்கு மாற்றிச் சமாளித்துவிடும். ஆனால் மூட்டு கெட்ட லைனில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு நிலையங்கள் ஏறுவதும் உண்டு.

அந்த மூட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லைன் புகார்களில் அதிகம் தவறிப்போவது இங்கேதான். டெலிபோன் கம்பி ஜோடியாக முறுக்கப்பட்டிருப்பதே வெளி இரைச்சலை விரட்டத்தான். இரண்டு கம்பியிலும் இரைச்சல் ஒரே அளவில் ஏறும். மோடம் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் அது தானாகவே கழிந்துவிடும். ஏ லிம்ப், பி லிம்ப் எனப்படும் அந்த இரண்டு கம்பியும் சமமாக இருக்கும் வரைக்கும்தான் இந்தப் பாதுகாப்பு. பில்லரிலோ (தெருவோரக் கேபிள் பெட்டி) டிபி பாக்ஸிலோ (வீடுகளுக்குக் கம்பி பிரியும் சிறு பெட்டி) ஒரு லிம்பின் மூட்டு மட்டும் பச்சை பூத்து மின்தடை ஏறிவிட்டால் சமநிலை போய்விடும். அதுவரை லைனைத் தொடாத வானொலியும் பல்பு இரைச்சலும் உள்ளே நுழைந்துவிடும். அதனால் இரைச்சலை உண்டாக்குவது எது, அதை உள்ளே விட்டது எது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே வானொலிதான், அதே தெரு விளக்குதான். அவர் லைன் விழாமல் உங்களுடையது மட்டும் விழுகிறது என்றால் சமநிலை கெட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டிபி பாக்ஸிலிருந்து வீட்டுக்கு வரும் ட்ராப் வயர் பல இடங்களில் முறுக்கே இல்லாத இணைக் கம்பி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நூறு மீட்டர் நீளம் என்றால் அதுவே போதும்.

உங்கள் பட்டியலில் சிஆர்சி 4,812 என்று இருக்கிறது. பயமுறுத்தும் எண்ணாகத் தெரிந்தாலும் தனியாக அதற்கு அர்த்தம் இல்லை. திருத்த முடியாமல் கெட்டுப்போன தரவுத் துண்டுகளின் (ஃப்ரேம்) எண்ணிக்கை அது. 1 மணி 52 நிமிடம் என்பது 6,720 விநாடி. அந்தப் பிழைகள் சீராகப் பரவியிருக்கின்றனவா, அல்லது யாரோ ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிய ஒரே நிமிடத்தில் வந்தவையா என்று அதிலிருந்து தெரியாது. அதற்கு எரர்ட் செகண்ட்ஸ், சுருக்கமாக ஈஎஸ், என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு பிழையாவது வந்த விநாடிகளின் கணக்கு அது. 4,812 பிழைக்கு ஈஎஸ் இருபது என்றால் திடீர்த் தாக்குதல். இரண்டாயிரம் என்றால் விடாமல் அரிக்கும் இரைச்சல். எஃப்இசி என்பது திருத்தப்பட்ட பிழை. அது லட்சத்தில் இருந்தாலும் கவலை வேண்டாம். உங்களுக்கு அது பூஜ்யமாக இருப்பதற்குக் காரணம் லைன் சுத்தமாக இருப்பது அல்ல, இன்டர்லீவிங் (தரவைக் கலைத்து அனுப்பி, கொத்தாக வரும் பிழையைச் சிதறடிக்கும் உத்தி) இல்லாத ஃபாஸ்ட் முறையில் ஓடுவது.

சரி, என்ன செய்வது? மோடத்தை அணைத்துப் போடும் பழக்கத்தை ஒரு வாரத்துக்கு நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் சாட்சியம் அழிகிறது. அதற்குப் பதில் ஒரு நோட்டில் நேரம், சின்க் வேகம், இரு திசை மார்ஜின், ஈஎஸ், லைன் அப்டைம் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பகலில் இரண்டு மூன்று தடவை போதும். மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. இரவு பிடித்த சின்க் காலை வரை தாங்கினால் பத்து மணிக்கு மார்ஜின் எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். இரவில் 2.8 இருந்தது அதே சின்க்கில் காலையில் ஆறு, ஏழு என்று ஏறியிருந்தால், கம்பியின் நீளமும் மோடமும் குற்றவாளி இல்லை, தினமும் வந்து போகும் இரைச்சல்தான் காரணம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மழை பெய்தால் அதையும் குறியுங்கள். மழைக்கு மறுநாள் மோசமாகி, வெயிலடித்து இரண்டு மூன்று நாளில் தேறினால் கேபிள் மூட்டில் தண்ணீர் இறங்குகிறது.

அப்புறம் வீட்டுக்குள் இரண்டு சோதனை. வெளிக் கம்பி வந்து சேரும் முதல் ரோசெட்டில் (சுவரில் உள்ள டெலிபோன் பெட்டி) ஸ்ப்ளிட்டர் (போனையும் நெட்டையும் பிரிக்கும் சிறு பெட்டி), எக்ஸ்டென்ஷன் போன், மாடிக்குப் போகும் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோடத்தை நேராக மாட்டி ஒரு மாலை முழுக்க ஓட்டுங்கள். யாரும் பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன் வயர் சும்மா தொங்கினாலும் கெடுதல்தான். அதன் முனையில் சிக்னல் மோதித் திரும்பி வந்து சில டோன்களைக் கொன்றுவிடும். ஐம்பது மீட்டர் வயர் என்றால் ஏறக்குறைய ஒரு மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பள்ளம் விழும். இதில் மார்ஜின் தேறினால் வேலை வீட்டு வயரிங்கில்தான், லைன்மேனைக் கூப்பிட வேண்டாம். தேறவில்லை என்றால் அடுத்த சோதனை. மோடத்தை அதற்கென்றே விற்கும் சிறிய பேட்டரி பேக்கில் ஓட்டி, லேப்டாப்பைச் சார்ஜர் இல்லாமல் வைத்துக்கொண்டு, மார்ஜின் தாழ்ந்திருக்கும் இரவு நேரத்தில் வீட்டின் மெயின் ஸ்விட்சை ஐந்து நிமிடம் அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும், அதை மறக்காதீர்கள். இருட்டில் அதுவே பெரிய இரைச்சல் மூலமாக இருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மார்ஜின் படக்கென்று ஏறினால் சாதனம் உங்கள் வீட்டுக்குள்தான். ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டுப் பார்த்தால் எந்த அறை என்று தெரிந்துவிடும். ஏறவில்லை என்றால் பாக்கெட் ரேடியோவை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு லைன் வரும் வழியே தெருவில் நடங்கள். கரகரப்பு எங்கே பலமாகிறதோ அங்கே மூலம் இருக்கிறது.

இந்த இரண்டு சோதனையிலும் ஒன்றும் மாறவில்லை என்றால் வெளி லைன்தான். அப்போது நோட்டின் இரண்டு பக்கத்தை நகலெடுத்துப் புகாரோடு கொடுங்கள். "நெட் சரியில்லை" என்று கொடுத்தால் யாராவது பகலில் வந்து, எல்லாம் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு மோடத்தைக் குறை சொல்லிப் போவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வரும் நேரத்தில் லைன் நன்றாகத்தான் இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: "சின்க் மாறாமல் கீழ்த்திசை மார்ஜின் மட்டும் இரவில் இவ்வளவு இறங்குகிறது. இரண்டு லிம்புக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷனும், ஒவ்வொரு லிம்பின் மின்தடையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்." அரை மில்லிமீட்டர் கம்பியில் போய் வரும் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம். உங்கள் தூரத்துக்கு மொத்தம் 460 ஓம் பக்கம் வர வேண்டும். கேபிளில் சில பகுதி மெலிந்த கம்பியாக இருந்தால் கூடும். மொத்தத்தைவிட முக்கியம், இரண்டு லிம்பும் சமமாக இருப்பது. ஒன்று மற்றதைவிட ஐம்பது, நூறு ஓம் அதிகம் என்றால் எங்கோ ஒரு மூட்டு கெட்டிருக்கிறது. இன்னொரு அடையாளமும் உண்டு: ரிசீவரை எடுத்தவுடனோ, மணி அடித்தவுடனோ சின்க் விழுந்தாலும், மார்ஜின் சட்டென்று மாறினாலும் கெட்ட மூட்டின் மேல் சந்தேகம் வலுக்கும். மூட்டில் மின்னோட்டம் பாயும்போது அதன் குணம் மாறுவதால் வருவது அது. ஸ்ப்ளிட்டர் கெட்டிருந்தாலும் இப்படி ஆகும் என்பதால் முதலில் அதை மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ட்ராப் வயரைப் புதிதாக மாற்றித் தருவதும், பில்லரில் வேறு ஜோடிக்கு மாற்றுவதும் அவர்கள் கையில் இருக்கும் வேலைகள், தயங்காமல் கேளுங்கள்.

அதுவரை இரவில் நிம்மதியாகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. உங்கள் லைனை 8 மெகாபிட் ப்ரொஃபைலுக்கு, அதாவது அந்த வேக வரம்புக்கு, மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு டோனில் ஒரு பிட்டைக் குறைத்தால் அந்த டோனுக்குச் சுமார் 3 டெசிபெல் மார்ஜின் கிடைக்கும். ஒரு டோனில் ஒரு பிட் என்பது விநாடிக்கு 4 கிலோபிட். உங்கள் தூரத்தில் முந்நூறு டோன் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால், 9.8-இலிருந்து 8-க்கு இறங்குவது நாலு டெசிபெல்லுக்கு மேல் திருப்பித் தரும். 2.8 இருந்த இடத்தில் ஏழு இருந்தால் லைன் விழாது. இன்டர்லீவிங்கும் போட்டால் சிறு தாக்குதல்களைத் தாங்கும். பிங், அதாவது பதில் வந்து சேரும் தாமதம், பத்து இருபது மில்லிசெகண்ட் கூடும். வீடியோவுக்கும் அலுவலக மீட்டிங்குக்கும் அது தெரியவே தெரியாது, ஆன்லைன் விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் உறுத்தும். உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது என்றால் இத்தனை பாடும் வேண்டாம், மாறிவிடுங்கள். ஒளிக்கு வானொலியும் தெரியாது, இன்வெர்ட்டரும் தெரியாது.

இதே இரவு நேரத் தொல்லையோடு படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் லைன் விழாமல், சின்க்கும் மார்ஜினும் காலையிலும் இரவிலும் ஒன்றாகவே இருந்து, வேகம் மட்டும் இரவில் பாதியாகிறது என்றால் அது நெரிசல். எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் உள்ள பாதையில் இடம் போதவில்லை. லைன்மேன் கம்பத்தில் ஏறி ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் புகாரை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர் ஒரு வார நோட்டையும், பகல் ஒன்று இரவு ஒன்றாக இரண்டு டோன் வரைபடங்களையும் இங்கேயே போடுங்கள். மெயின் ஸ்விட்ச் சோதனையில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். வானொலியா, சாதனமா, மூட்டா என்பதை அதை வைத்துப் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.